வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மகளுக்கும் மருமகனுக்கும் வாடகை வீடு பார்க்கப் போன வாரம் வேங்கிக்காலுக்குப் போயிருந்தேன். வீடு பார்ப்பதில் நான் கொஞ்சம் படுத்துகிறவள். குழாயைத் திறந்து பார்ப்பேன், ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்ப்பேன், பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி அது வடிகிற வரைக்கும் நிற்பேன். "விலைக்கு வாங்கற மாதிரி பாக்கறியேம்மா" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அன்றைக்கும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பின்பக்க அறைக்குப் போனேன். சின்ன அறை, ஒற்றை ஜன்னல். கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்று கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் ஒன்றுமே இல்லை.

"அது பழசுங்க, சும்மா கெடக்குது. பெயின்ட் அடிச்சா தெரியாது" என்றார் வீட்டுக்காரம்மா. கேட்காத கேள்விக்கு அவசர அவசரமாகப் பதில் வந்தது.

சாமான் போட்டுவைக்கிற அறை என்றால் பூட்டுத்தான் போடுவார்கள். இது கதவின் உச்சியில் கனமான இரும்புத் தாழ்ப்பாள். கதவின் உள்பக்கம் தோள் உயரத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு நிபுணர் யாரும் வேண்டாம், ஐயா. இப்படி ஒரு தாழ்ப்பாளை நானே என் கையால் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். என் கூடப் பிறந்த அண்ணனுக்கு.

அப்போது எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். இப்போது அந்தச் சந்தில் நுழைந்தால் காபிக் கடையும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற அறைகளும்தான். அன்றைக்கு ஏழு வீடு, ஒரு அடிபம்பு. அப்பா தாலுகா ஆபீசில் டபேதார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை. அதிகாரிக்கு முன்னால் நடந்து வழி விலக்கும் உத்தியோகம் என்பதால், தெருவில் யார் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு உயிர் போகிற விஷயம். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து நாலு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் அந்த ஏழு வீட்டுக்கும் பொதுக் கவலை.

அண்ணன் தணிகாசலம் என்னைவிட நாலு வயது பெரியவன். தணிகா என்போம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். நல்ல கை. கிரைண்டர், தையல் மிஷின் எதுவாக இருந்தாலும் பிரித்து மாட்டிவிடுவான். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு எடுத்தார்கள். அவன் சேர்ந்த எட்டாவது மாதமே அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அறையில் யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தான். வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். எல்லாம் முடிந்து கடைசியில்தான் வேலூரில் ஒரு டாக்டர். காலையில் வெள்ளை மாத்திரை, ராத்திரியில் மஞ்சள் மாத்திரை. குரல்கள் குறைந்தன. கை நடுக்கம் வந்தது. பெங்களூர் போன பஸ்ஸின் நிறுத்தங்கள் மட்டும் அவன் வாயைவிட்டுப் போகவில்லை. செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். யாரையும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதற்கே சொந்தபந்தங்கள் அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு "நீங்க மூணு பேரும் வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்தது நாலு பேர். அத்தை வந்தால் வாசலிலேயே நின்று, "அது எப்படி இருக்குது? சாப்பிடுதா?" என்று அம்மாவிடம் கேட்பாள். ஆடு மாட்டைக் கேட்பதுபோல. அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஆபீசில் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் "நான் ஒருத்திதான்" என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டத்துக்காகத்தான் அந்தத் தாழ்ப்பாள் வந்தது. அப்பா ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்னறைக் கதவின் வெளிப்பக்கம் பொருத்தவைத்தார். உள்ளே ஒரு ரேடியோ, ஒரு சொம்புத் தண்ணீர், அண்ணன். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியில் கை வைத்த நேரம் உள்ளேயிருந்து டொம் டொம் என்று சத்தம். "பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க" என்றார் அப்பா. ஆணி அடிக்கிறவன் "பாப்பா, கதவைத் தொற பாப்பா" என்று கூப்பிடுவானா? வந்தவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தாழ்ப்பாளைப் போடுவது என் வேலையாகிவிட்டது. அப்புறம் வந்த இரண்டு கூட்டத்துக்கு விஷயம் முன்னாலேயே எட்டிவிட்டது. சந்து முனையில் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை உதித்தது. இனிமேல் பெண் பார்க்க வருகிறவர்களைப் பௌர்ணமி அன்றைக்கு மட்டுமே வரச்சொல்வது. அன்றைக்கு அண்ணனைக் கிரிவலம் அனுப்பிவிடுவது.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலையைச் சுற்றப் பௌர்ணமிக் கூட்டம் அப்போதுதான் ஜாஸ்தியாக ஆரம்பித்திருந்தது. பதினாலு கிலோமீட்டர் பாதை முழுக்க வெளியூர் முகங்கள். அழுக்கு வேட்டியும் தாடியுமாகத் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு நடக்கிற ஒரு ஆளை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்தாலும் கும்பிடுவார்கள். எங்கள் தெருவில் பைத்தியமாக இருந்தவன் அந்தப் பாதையில் கால் வைத்ததும் சாமியாகிவிடுவான். அண்ணனுக்கும் நடப்பது பிடிக்கும். காலையில் கிளம்பினால் அடி அண்ணாமலையில் புளிய மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம்தான் திரும்புவான். வழியில் பசிக்கக் கூடாதே என்று நான்தான் மல்லாட்டை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மணலில் போட்டு உப்புத் தண்ணீர் தெளித்து வறுக்கும்போது சந்தே மணக்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் பசிக்காது, குற்ற உணர்ச்சிதான் வரும். அன்புக்காக வறுத்தது பாதி என்றால், அவன் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக வறுத்தது மீதிப் பாதி.

அந்த ஐப்பசிப் பௌர்ணமிக்குப் போளூர் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் லைன்மேன். அவருக்கு அப்பா இல்லை. அம்மாவும் பிள்ளையும் ஒரு தாய்மாமனும். விடியற்காலையிலேயே கிரிவலம் கிளம்பி, முடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு வந்தார்கள். அந்த அம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பேச ஆரம்பித்தார்.

"இன்னிக்கி ஒரு அதிசயம் நடந்துச்சிங்க. அடி அண்ணாமலையாண்ட முட்டி வலி தாங்க முடியல, ஒரு மரத்தடியில குந்திட்டேன். பக்கத்துல ஒரு சாமி. என்னைப் பாத்தாரு, மடியிலேர்ந்து இதை எடுத்து கை நெறைய கொட்டினாரு. ஏதோ மந்திரம் சொல்லிக்கினே இருந்தாரு. ரெண்டு வாயில போட்டேன் பாருங்க, எழுந்து நடந்துட்டேன்! கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்தேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். நான் அடுக்களைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை நிறைய மல்லாட்டை. நான் வறுத்த மல்லாட்டை. கொஞ்சம் கருக விட்டிருந்ததால் எனக்கு அடையாளம் நன்றாகத் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

என்ன விபரீதம் வரப்போகிறது என்று யோசிக்கக்கூட நேரமில்லை, வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். சாயங்காலம் வரவேண்டியவன் பதினொன்றரைக்கே வந்து நிற்கிறான். இருந்ததையெல்லாம் அந்த அம்மாவுக்குக் கொட்டிவிட்டால் அவன் எதைத் தின்பான்?

"பாப்பா, மல்லாட்டை தீந்துடுச்சு" என்றான்.

அந்த அம்மா எழுந்தே விட்டார். "சாமி! இதே சாமிதாங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவின் முகத்தில் ஒரு நொடி பயம். அடுத்த நொடி, அப்பாடா, அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"ஆமாங்க. சாமி இந்தப் பக்கம்தான் சுத்திக்கினு இருப்பாரு. நாங்க அப்பப்போ சோறு போடுவோம். வாங்க சாமி, பின்னாடி போய் உக்காருங்க" என்றார்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் தெரிந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாம் பார்ப்போமே, அப்படி. அப்புறம் மெதுவாக, "சரிங்க" என்றான். பெற்ற அப்பனை 'ங்க' போட்டுச் சொன்னான். பின்னறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. இயல்பில் நான் வாயில்லாப் பூச்சி. காபித் தட்டோடு நடுக்கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு என்று வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். "உக்காருண்ணா, காபி குடி" என்றேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"இவரு சாமி இல்லீங்க. எங்க அண்ணன். பேரு தணிகாசலம், ஐ.டி.ஐ. படிச்சவரு. மனசு சரியில்லாமப் போச்சு, மாத்திரை சாப்பிடறாரு. நீங்க மந்திரம்னு நெனச்சது பஸ் ஸ்டாப்பு பேருங்க. அந்த மல்லாட்டைய நான்தான் வறுத்துக் குடுத்தேன். நீங்க வர்ற நேரத்துல இவரு வீட்ல இருக்கக் கூடாதுன்னு."

தட்டில் மீதிக் காபி தளும்பிக் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மட்டும் சாவகாசமாகக் காபியை ஆற்றினான். "சக்கரை கம்மி பாப்பா" என்றான். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் எப்படிச் சிரித்தார் என்று பிற்பாடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். "நெஜமாவே கம்மிதானே" என்பார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். "சொல்லி அனுப்பறோம்" என்றார் தாய்மாமன். பெண் வீட்டார் யாருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம்.

பதினெட்டு நாள். அப்பா என்னோடு பேசவில்லை. "என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டா" என்று சுவரிடம் சொல்வார். அம்மா அழுவாள், அழுதுகொண்டே எனக்குத் தலை வாரிவிடுவாள். ஒருநாள் வாரிக்கொண்டே, "நீ சொன்னது சரிடி" என்றாள். நான் ஆபீஸ் போனேன், வந்தேன். கல்யாணம் இல்லாவிட்டால் போகிறது, பின்னறைக் கதவில் இனிக் கை வைப்பதில்லை என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் அந்த அம்மா தனியாக வந்தார். கையில் ஒரு பை. அப்பா பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அண்ணன் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் போய்க் குந்தினார். பையிலிருந்து எடுத்தது வேகவைத்த பச்சை மல்லாட்டை.

"எங்க கொல்லியில வெளைஞ்சது, சாப்புடு தம்பி" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அன்னிக்கி வீட்டுக்குப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. யாருன்னு தெரியாம கால்ல விழுந்தேன். தெரிஞ்ச பொறவு பக்கத்துல குந்தறதுக்குப் பயப்படுவனா? அப்படிப் பயந்தா நான் கும்பிட்டதுக்கு இன்னாங்க அர்த்தம்? பொய் சொல்லாத பொண்ணு எனக்கு வேணும். நாள் பாருங்க" என்றார்.

முட்டி வலி திரும்பி வந்துவிட்டதா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அது மறுநாளே வந்துடுச்சு" என்று அந்த அம்மா சிரித்தார். என் மாமியாரை நான் அந்தச் சிரிப்பிலேயே பெற்றுக்கொண்டேன்.

ஆனாலும் அப்பா அடங்கவில்லை. பத்திரிகை அடிக்க எழுதிய வாசகத்தில் சித்தப்பா, பெரியப்பா, அத்தை புருஷன் எல்லார் பேரும் இருந்தது. அண்ணன் பேர் இல்லை. "நாலு பேரு பாக்கறது, கேள்வி வரும்" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். அச்சகத்துக்குக் கொடுக்கிற படியை டைப் அடிக்கப் போகிறவள் யார்? ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெமிங்டனில் தாளை மாட்டி, வரவேற்பவர்கள் வரிசையில் முதலாவதாக அடித்தேன்: தணிகாசலம், மணமகளின் அண்ணன். ஒவ்வொரு எழுத்தையும் ஓங்கி அடித்தேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, மிஷினு மேல கோவமா?" என்றாள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்காருடி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பத்திரிகைக் கட்டு வந்த அன்று அப்பா ஒன்றை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். வீடு இடிந்து விழப்போகிறது என்று நானும் அம்மாவும் அடுக்களையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். வழக்கமாக முதல் பத்திரிகை கோயிலுக்குப் போகும். அப்பா அதை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். "தணிகா, இந்தாடா. உன் பேரு போட்டிருக்குது" என்றார். அண்ணன் வாங்கி, முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். பஸ் டைம் ஏதாவது இருக்குமா என்று பார்த்திருப்பான்.

கல்யாணத்தன்று எங்கள் வழக்கப்படி மச்சான்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மோதிரம் போட்டு மண்டபத்துக்குள் அழைத்து வரவேண்டும். சித்தப்பா தன் மகனைப் பட்டு வேட்டி கட்டித் தயாராக நிறுத்தியிருந்தார். அப்பா அவனைத் தாண்டி நடந்து போய், அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். டபேதார் நடை. கூட்டம் தானாக விலகியது. முப்பது வருடம் அதிகாரிகளுக்காக வழி விலக்கியவர் அன்றைக்குத் தன் பிள்ளைக்காக விலக்கினார்.

அண்ணனுக்குக் கை நடுங்கியது. மாலை ஆடியது. கூட்டத்தில் குசுகுசு என்று பேச்சு. மாப்பிள்ளை ஆறடி உயரம். அவர் இடுப்பை மடக்கித் தலையை நன்றாகத் தாழ்த்தி, மாலை விழுகிற வரை அப்படியே நின்றார். மோதிரம் இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை ஏறியது. அண்ணன் நிமிர்ந்து, மண்டபமே கேட்கும்படி, "ரைட்! போலாம்!" என்றான். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நான் பெண்ணறை ஜன்னலில் நின்று, கண் மை கன்னமெல்லாம் வழிய, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். "அது" என்று கேட்கிற அத்தை அன்றைக்குப் பந்தியில், "தணிகா சாப்பிட்டானா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பாயசத்தைவிட அது இனித்தது.

மறுவீட்டுக்குப் போனபோது என் கணவரிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். லைன்மேன் அல்லவா, சட்டை இல்லாமல்கூட இருப்பார், அது இல்லாமல் இருக்க மாட்டார். ஸ்டூல் போட்டு ஏறித் தாழ்ப்பாளில் வைத்துத் திருகினேன். துரு. ஒன்றுகூட அசையவில்லை. "குடு, நான் கழட்டறேன்" என்றார் அவர். "நான் போட்ட தாழ்ப்பாள், நான்தான் கழட்டுவேன்" என்று வீரம் பேசிக்கொண்டு இன்னும் ஒருமுறை திருகிக் கையைக் கீறிக்கொண்டேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"எண்ணெய் விடு பாப்பா. கொஞ்ச நேரம் ஊற உடு. எறங்கு நீ."

அண்ணன் ஸ்டூலில் ஏறினான். நடுங்குகிற கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைப் பொருத்தினான். பொருந்தியதும் நடுக்கம் நின்றுவிட்டது. தாழ்ப்பாளில் நாலு ஸ்க்ரூ, நிலையில் இரண்டு. முதலாவது கழன்று கீழே விழுந்தது. "செங்கம்" என்றான். இரண்டாவது, "சிங்காரப்பேட்டை." ஊத்தங்கரை. கிருஷ்ணகிரி. ஓசூர். கடைசியைக் கழற்றி, தாழ்ப்பாளை அப்பா கையில் கொடுத்து, "பெங்களூர். எல்லாம் எறங்கு" என்றான். அப்பா அதை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு சந்தில் யார் வீட்டில் கீல் முனகினாலும் "தணிகாவைக் கூப்பிடு" என்றுதான் குரல் வரும். ஒருமுறை நானும் அவரும் அண்ணனை நிஜமாகவே பெங்களூர் பஸ்ஸில் கூட்டிப்போனோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எப்படிப் பூரிப்பான் என்று பார்க்க ஆசை எங்களுக்கு. அவன் செங்கம் தாண்டுவதற்குள் தூங்கி, பெங்களூரில் எழுந்தான்.

அந்தச் சந்து வீடு போய்விட்டது. அடி அண்ணாமலைப் புளிய மரம் போய், நடைபாதைக்குக் கல் பதித்துவிட்டார்கள். அப்பா, அம்மா, முந்தானையில் கடலை முடிந்துவந்த என் மாமியார், யாரும் இல்லை. அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. தூக்கத்தில் போனான், சாத்தாத கதவுக்குள்.

வேங்கிக்கால் வீட்டுக்காரம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சுங்க, எங்க அண்ணன் ரூமுக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் கதவில் பெயின்ட் தேய்ந்த இடத்தைக் கையால் தடவினார். பிறகு, "என் தங்கச்சிங்க. இப்போ ஹோம்ல கெடக்குறா. பொங்கலுக்குக்கூட கூட்டியாரது இல்ல" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கைப்பையைத் திறந்தேன். என் கணவருடைய பழைய ஸ்க்ரூடிரைவர் அதில்தான் இருக்கிறது. வீடு பார்க்கும்போது சுவிட்சு போர்டையும் ஆட்டிப் பார்ப்பேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மகள் "ஐயோ அம்மா" என்றாள். நான் கேட்கவில்லை.

"கொஞ்சம் எண்ணெய் குடுங்க. இந்தப் பொங்கலுக்கு உங்க தங்கச்சியைக் கூட்டியாங்க" என்றேன்.

அவர் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஊறவிட்டுக் காத்திருந்தேன். கீழேயிருந்து சொல்லிக்கொடுக்கிற குரல் இல்லை. முதல் ஸ்க்ரூ முரண்டுபிடித்து, முனகி, கழன்று தரையில் விழுந்தது.

"செங்கம்" என்றேன்.